லெகசி ஜிடி வேகன்: 2001 பிஎச்5 எடுக்கலாமா, 2005 பிபி5 எடுக்கலாமா?

கேள்வி: வளைகோடு

வணக்கம். ஜப்பானில் ஓடி இறக்குமதியான சுபாரு லெகசி டூரிங் வேகன் இரண்டு கைக்கெட்டும் விலையில் இருக்கின்றன. முதலாவது 2001 ஜிடி-பி (பழைய தலைமுறை, குறியீடு பிஎச்5): மேனுவல், இரட்டை டர்போ, 1,28,000 கி.மீ. மற்றது 2005 ஜிடி (அடுத்த தலைமுறை, குறியீடு பிபி5): ஆட்டோ, ஒற்றை டர்போ, 96,000 கி.மீ. வருடத்துக்கு 15,000 கி.மீ ஓட்டம், அதில் பாதி ஊருக்குள்ளே.

பெட்ரோல், ஆயில், டயர் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு என்னென்ன எவ்வளவு பிடிக்கும்? எந்த எஞ்சின் அதிகம் தாங்கும்? இன்னொன்று: பிஎச்5-ல் 4500 ஆர்பிஎம் பக்கம் இழுவை சட்டென்று விழுகிறது. விற்பவர் "இரட்டை டர்போ என்றாலே இப்படித்தான்" என்கிறார். நம்பலாமா?

பதில்: சுழல்தண்டு

அவர் சொல்வதில் பாதி உண்மை. பிஎச்5-ல் இரண்டு டர்போவும் ஒன்றாக வேலை செய்வதில்லை. கீழ் சுழற்சியில் முதல் டர்போ மட்டும். சுழற்சி ஏறியதும் எக்ஸாஸ்ட் கண்ட்ரோல் வால்வு கொஞ்சமாகத் திறந்து இரண்டாவது டர்போவை முன்கூட்டியே சுற்றவிடும், பிறகு இன்டேக் வால்வும் திறந்து இரண்டும் சேரும். அந்தக் கைமாற்றத்தில் பூஸ்ட் (டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றழுத்தம்) 0.2–0.3 பார் இறங்கி, ஒரு நொடிக்குள் திரும்ப ஏறும். இது பிறவிக் குணம். எந்தச் சர்வீஸும் இதை முழுதாகப் போக்காது.

இறங்கிய பூஸ்ட் ஏறாமல் அங்கேயே நின்றால்தான் கோளாறு. இந்த ஏற்பாடு முழுவதையும் மெல்லிய வேக்யூம் ஹோஸ்களும் ஒரு கறுப்புப் பெட்டிக்குள் இருக்கும் சோலினாய்டுகளும் (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வுகள்)தான் ஆட்டிவைக்கின்றன. இருபது வருடம் சூட்டில் கிடந்த ரப்பர் கல்லாக இறுகி, முனையில் வெடித்துவிடும். ஒரு ஹோஸ் கசிந்தால்கூட இரண்டாவது டர்போ சேராது, எஞ்சின் லைட் எரியும், ஈசியு (எஞ்சின் கணினி) பூஸ்டைக் கட்டிப்போடும்.

வாங்கும் முன் சாதாரண பூஸ்ட் மீட்டர் ஒன்றைத் தற்காலிகமாக மாட்டி, மூன்றாம் கியரில் 2500-லிருந்து 6500 வரை முழு ஆக்சிலரேட்டரில் போய்ப் பாருங்கள். 0.8–0.9 பார் ஏறி, இறங்கி, மறுபடி அதே அளவுக்கு வந்தால் சரி. 0.5-லேயே நின்றால் முதலில் ஹோஸ், இரண்டாவது ஒருவழி வால்வுகள், மூன்றாவது சோலினாய்டு, கடைசியாகத்தான் துருவில் இறுகிய எக்ஸாஸ்ட் வால்வு என்ற வரிசையில் தேடுங்கள். டர்போவையே மாற்றச் சொல்பவர்களிடம் அவசரப்பட்டுப் பணம் கொடுக்க வேண்டாம். பெரும்பாலும் டர்போவில் குற்றமே இருக்காது.

மாற்றுவதென்றால் 4 மி.மீ உள்விட்டமுள்ள சிலிக்கான் ஹோஸ் பத்து மீட்டர் வாங்கிக்கொண்டு, ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஹோஸைக் கழற்றி, அதே நீளத்துக்கு வெட்டி மாட்டிவிட்டு அடுத்ததைத் தொடுங்கள். எல்லாவற்றையும் மொத்தமாகக் கழற்றிவிட்டால் எது எங்கே என்று கண்டுபிடிக்கவே ஒரு நாள் போய்விடும். ஒருவழி வால்வைத் தலைகீழாக மாட்டினாலும் வண்டி பழைய கோளாறையே காட்டும். அம்புக்குறியைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பதில்: நாலாவது_சிலிண்டர்

இரண்டுக்கும் பொதுவான ஆபத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் பெரிய செலவு வருவது இங்கேதான்.

இந்த எஞ்சின்களின் இக்னிஷன் மேப் (எப்போது தீப்பொறி கொடுப்பது என்று ஈசியுவில் எழுதிய அட்டவணை), ஜப்பானின் 98–100 ஆக்டேன் பெட்ரோலுக்கு எழுதப்பட்டது. 95 ஊற்றினால் ஈசியு டைமிங்கைப் பின்னுக்கு இழுத்துச் சமாளிக்கும். ஆனால் சூடான நாளில், ஏற்றத்தில், முழு பூஸ்டில் அந்தச் சமாளிப்பு போதாது. நாக்கிங் (பெட்ரோல் நேரம் தவறி வெடிக்கும் தட்டல்) அடிக்க அடிக்க பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு உடையும். பெரும்பாலும் நான்காவது சிலிண்டர்தான் முதலில் போகும். ஊற்றினால் 98, இல்லாவிட்டால் அந்த ஆக்டேனுக்கு ஏற்ற மேப். மூன்றாவது வழி கிடையாது.

ரிங் விளிம்பு உடைந்த வண்டி ஐடிலில் லேசாகத் துடிக்கும், ஆயில் குடிக்கும், சூடான எஞ்சினில் ஆயில் மூடியைத் திறந்தால் விட்டுவிட்டுப் புகை தள்ளும். கம்ப்ரஷன் டெஸ்டில் இது தப்பிவிடக்கூடும். லீக்-டவுன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் காற்றை அழுத்தி எவ்வளவு கசிகிறது என்று பார்ப்பது) கேளுங்கள். நான்கு சிலிண்டரும் 10–15 சதவீதத்துக்குள், ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் 25 காட்டி, காற்று ஆயில் மூடி வழியாகச் சீறினால் பேரம் பேசவே வேண்டாம், விட்டுவிடுங்கள்.

அடுத்தது பிக்-எண்ட் பேரிங், அதாவது பிஸ்டன் தண்டு கிராங்கைப் பிடிக்கும் இடத்துப் பேரிங். ஆயில் மட்டம் குறைந்தபடி வேகமாக வளைவில் திரும்பினால் உறிஞ்சும் குழாய் காற்றை இழுக்கும், பேரிங் அங்கேயே கீறிப்போகும். டிப்ஸ்டிக்கில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையில் சுமார் ஒரு லிட்டர்தான். எஞ்சின் மொத்தமே 4.5 லிட்டர் என்னும்போது அந்த ஒரு லிட்டர் எவ்வளவு பெரியது என்று யோசியுங்கள். காலையில் குளிர்ந்த எஞ்சினில், பெட்ரோல் போடும் ஒவ்வொரு தடவையும் பாருங்கள். சூட்டில் பார்த்தால் குழாய்ச் சுவரில் வழியும் ஆயில் டிப்ஸ்டிக்கின் ஒரு பக்கத்தில் மட்டும் பூசி ஏமாற்றும். இரண்டு பக்கத்தில் எது குறைவோ அதுவே உண்மை மட்டம்.

பிபி5-க்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. டர்போவுக்கு ஆயில் போகும் பேஞ்சோ போல்ட்டுக்குள் (ஆயில் ஓடத் துளையுள்ள போல்ட்) விரல்நகம் அளவுக்கு ஒரு சல்லடை உண்டு. ஆயில் மாற்றத்தை இழுத்தடித்த வண்டியில் கரி படிந்து அது அடைக்கும், டர்போ ஆயிலுக்கு ஏங்கித் தேயும், அந்த உலோகத் தூள் சம்ப்புக்கு (எஞ்சினின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) இறங்கி பேரிங்கைத் தின்னும். ஆக, பிபி5-ல் டர்போ போய்விட்டது என்றால் டர்போவை மட்டும் மாற்றி முடித்துவிட முடியாது. சம்ப்பைக் கழற்றிப் பார்க்க வேண்டும், ஆயில் கூலரையும் மாற்ற வேண்டும். கூலருக்குள் தங்கிய தூளைக் கழுவி எடுக்க வழியில்லை. புது எஞ்சின் மாட்டி, பழைய கூலரை வைத்து, சில ஆயிரம் கிலோமீட்டரில் மறுபடி தட்டல் கேட்கும் வண்டிகளுக்குக் காரணம் இதுதான்.

ஆயில்: 5டபிள்யூ-40 முழு சிந்தடிக், 5,000 கி.மீ-க்கு ஒருமுறை, ஃபில்டரோடு.

பதில்: பல்சக்கரம்

டைமிங் பெல்ட் பற்றி. தொழிற்சாலைக் கணக்கு 1,00,000 கி.மீ. ஆனால் ரப்பருக்கு வயதும் உண்டு. அந்த 2001 வண்டியில் மாற்றியதற்கு ரசீது இல்லையென்றால் மாற்றவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அறுந்தால் வால்வுகள் வளையும், சிலிண்டர் ஹெட் இரண்டையும் இறக்க வேண்டியிருக்கும். பெல்ட் மட்டும் மாற்றுவது வீண். பல் உள்ள ஐட்லர் (பெல்ட் ஓடும் உருளை) 1, வழவழப்பான ஐட்லர் 2, ஹைட்ராலிக் டென்ஷனர் 1, வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் எல்லாம் ஒரே கையோடு மாற்றுங்கள். பெரும்பாலும் பெல்ட் தானாக அறுவதில்லை, ஐட்லர் பேரிங் சிக்கி அதை அறுக்கும்.

கிராங்க் சக்கரத்தில் கண்ணில் முதலில் படும் அம்புக்குறியை வைத்து டைமிங் பிடிக்காதீர்கள். அதன் பின்னால் சென்சார் பல்லின் விளிம்பில் உள்ள சிறு கோடுதான் குறி. மேனுவல் வண்டியில் கிராங்க் அருகே பெல்ட் கைடு ஒன்று இருக்கும், அதற்கும் பெல்ட்டுக்கும் இடைவெளி 1 மி.மீ. சிலர் அதைத் திரும்ப மாட்டாமலே மூடிவிடுவார்கள். பெல்ட் பல் தாண்டாமல் காப்பது அதுதான்.

ஆயில் விஷயத்தில் சின்ன மாற்றுக்கருத்து: குளிர் அதிகமான இடத்தில், உள்ளூர் ஓட்டத்துக்கு நல்ல 5டபிள்யூ-30 போதும். அளவும் காலமும் தவறாமல் இருப்பதுதான் முக்கியம்.

மறுகேள்வி: வளைகோடு

மிக்க நன்றி. டயர், கியர் ஆயில் பற்றியும் சொல்லுங்கள். பிஎச்5-ஐ ஒற்றை டர்போவாக மாற்றிவிட்டால் இந்த ஹோஸ் தொல்லை தீராதா? ஜப்பான் ஏலத் தாளில் பின் கதவுப் பக்கம் டபிள்யூ2 என்று எழுதியிருக்கிறது, அது என்ன?

பதில்: நான்குகால்

டபிள்யூ என்றால் தகட்டைத் தட்டிச் சீர்செய்து பெயிண்ட் அடித்த இடத்தில் தெரியும் அலை. எண் கூடக்கூட வேலை மோசம். டபிள்யூ2 மட்டும் என்றால் பயப்பட வேண்டாம். எக்ஸ்எக்ஸ் என்றால் அந்தப் பாகத்தையே மாற்றியிருக்கிறார்கள். தரம் என்ற கட்டத்தில் ஆர் அல்லது ஆர்ஏ இருந்தால் விபத்து வரலாறு உள்ள வண்டி. எஸ் துரு, சி அரிப்பு. இந்த இரண்டு எழுத்தையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுத் தேடுங்கள். பின் சக்கர வளைவின் உள்மடிப்பும் பின் சப்ஃபிரேமும்தான் முதலில் அரிக்கும். லிஃப்டில் ஏற்றி ஸ்க்ரூடிரைவர் பிடியால் தட்டிப் பார்த்தால் சத்தமே சொல்லிவிடும்.

டயர் இரண்டுக்கும் 215/45ஆர்17. நான்கும் ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே தேய்மானம். ட்ரெட் ஆழத்தில் 1 மி.மீ வித்தியாசம் சுற்றளவில் 6 மி.மீ-க்கு மேல் வரும், சுபாரு சொல்லும் எல்லையும் ஏறத்தாழ அதுதான். அதைத் தாண்டினால் சென்டர் டிஃப் (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியல்) ஓயாமல் உரசிச் சூடாகும். ஒரு டயர் கிழிந்தால் நான்கும் போன கணக்கு, இதைச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஓட்டிப் பார்க்கும்போது ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக வட்டமடியுங்கள். யாரோ பிரேக்கைப் பிடித்து இழுப்பதுபோல் விக்கினால் டிஃப் ஏற்கெனவே இறுகிவிட்டது.

மேனுவலில் கியருக்கும் முன் டிஃபுக்கும் ஒரே ஆயில், 75டபிள்யூ-90, சுமார் 3.5–4 லிட்டர். பின் டிஃப் 0.8. ஆட்டோவில் முன் டிஃபுக்குத் தனி ஆயில், தனி டிப்ஸ்டிக். இதைத் தெரியாதவர் எஞ்சின் ஆயில் என்று நினைத்து டிஃப் ஆயிலை இறக்கிவிட்டு, எஞ்சினில் இன்னொரு 4.5 லிட்டர் ஊற்றுவது அடிக்கடி நடக்கும். புது மெக்கானிக் என்றால் பக்கத்தில் நில்லுங்கள்.

ஒற்றை டர்போ மாற்றம் வேண்டவே வேண்டாம் என்பேன். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட், அப்-பைப், டவுன்-பைப், இன்டர்கூலர் குழாய், ஈசியு எல்லாம் மாற வேண்டும். பத்து மீட்டர் ஹோஸுக்குப் பயந்து எஞ்சினையே பிரிப்பதா?

பதில்: சுழல்தண்டு

15,000 கி.மீ கணக்கு: ஊருக்குள் 100 கி.மீ-க்கு 15 லிட்டர், நெடுஞ்சாலையில் 10. பாதிப் பாதி என்றால் வருடத்துக்கு 1,875 லிட்டர், எல்லாமே 98. பிபி5 நெடுஞ்சாலையில் கொஞ்சம் குறைவு, ஊருக்குள் பெரிய வித்தியாசம் இல்லை. ஆயில் மாற்றம் மூன்று, 13.5 லிட்டர், ஃபில்டர் மூன்று, இடையில் ஊற்ற இரண்டு லிட்டர். 1,500 கி.மீ-க்குள் ஒரு லிட்டர் குடித்தால் லீக்-டவுன் டெஸ்டுக்குப் போங்கள். டயர் செட் சுமார் 40,000 கி.மீ. பிளக் பிளாட்டினம் அல்லது இரிடியம், 1,00,000 கி.மீ. எஞ்சின் படுத்திருப்பதால் பேட்டரியையும் ஏர் பெட்டியையும் எடுத்தால்தான் கை போகும், 16 மி.மீ சாக்கெட்டோடு குட்டி எக்ஸ்டென்ஷன்கள் வேண்டும்.

இரண்டில் எது என்றால்: ஆயில் ரசீது உள்ளது எதுவோ அது. இரண்டிலும் இருந்தால் பிபி5. ஆனால் முதல் வாரமே அந்த பேஞ்சோ போல்ட்டைக் கழற்றிச் சல்லடையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கறுப்பாக அடைத்திருந்தால் அதே நாளில் சம்ப்பையும் கழற்றுங்கள்.