குஞ்சப்பனை வளைவில் எதிரே வந்த கார் இடித்துவிட்டது: கிளெய்ம் என் பாலிசியிலா, அவர் பாலிசியிலா?

அரவேனு வாசி

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறி வந்துகொண்டிருந்தேன். குஞ்சப்பனை செக்போஸ்ட் தாண்டி கொஞ்சம் மேலே, இறங்கி வந்த வெளிமாநில டூரிஸ்ட் கார் ஒன்று முன்னால் போன பஸ்ஸை வளைவிலேயே ஓவர்டேக் செய்து நேராக என் பக்கம் வந்துவிட்டது. இடதுபுறம் மண்ணில் இறக்கிப் பார்த்தும் வலது முன்பக்கம் அடி வாங்கிவிட்டது. பம்பர், ஃபெண்டர், ஹெட்லைட், சைடு கண்ணாடி எல்லாம் போச்சு. யாருக்கும் காயம் இல்லை, அது வரைக்கும் சந்தோஷம்.

அந்த டிரைவர் தன் தப்புதான் என்று அங்கேயே ஒப்புக்கொண்டார், செலவு எவ்வளவானாலும் ஓனர் அனுப்பிவிடுவார் என்றார், பின்னால் பஸ்ஸும் லாரியும் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றதால் போட்டோ எடுத்து, லைசென்ஸ், ஆர்.சி. இரண்டையும் படம் பிடித்துக்கொண்டு வண்டியை ஓரங்கட்டினோம். இப்போது டிரைவரும் எடுப்பதில்லை, ஓனரும் எடுப்பதில்லை. ஒர்க்‌ஷாப்பில் 26,000 ரூபாய் எஸ்டிமேட் கொடுத்திருக்கிறார்கள்.

வண்டி வாங்கி மூன்றரை வருஷம், 1500 சிசிக்குள், ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கிறது, ஜீரோ டெப் (சாமான் தேய்மானத்தைக் கழிக்காமல் பணம் தரும் கூடுதல் கவர்) கிடையாது. இதுவரை கிளெய்மே போட்டதில்லை, என்.சி.பி. (கிளெய்ம் போடாத வருஷங்களுக்குப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) 35 சதவீதத்தில் நிற்கிறது. ஏஜென்ட்டைக் கேட்டால், "எதிராளி கதையெல்லாம் எதுக்கு சார், வீட்டு கேட்டில் இடித்துவிட்டேன்னு எழுதிடுங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்" என்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை. தப்பு பண்ணியது அவர், என்.சி.பி. மட்டும் நான் ஏன் இழக்க வேண்டும்? அவருடைய இன்சூரன்ஸிலிருந்து வாங்க வழி இல்லையா? எஃப்.ஐ.ஆர். கட்டாயமா?

குன்னூர் டாக்ஸி

அண்ணா, மலையில் ஓட்டுகிறவர்களுக்கு இது புதுசில்லை. ஏறும் வண்டிக்குத்தான் முன்னுரிமை, அது 2017 மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறையிலேயே இருக்கிறது, வளைவில் ஓவர்டேக் கூடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. சமவெளியிலிருந்து வருகிறவர்களுக்கு அது தெரியாது, தெரிந்தாலும் பிரேக் சூடேறும் பயத்தில் வேகமாக இறங்கித் தொலைவார்கள். சீசனில் ஏற பர்லியார் வழி, இறங்க கோத்தகிரி வழி என்று ஒருவழியாக்கும்போது இந்தத் தொல்லை கம்மி. மற்ற மாதங்களில்தான் ஆட்டம்.

என் பழக்கம், அந்த இடத்திலேயே பேசி ஐயாயிரமோ எட்டாயிரமோ கையில் வாங்கிக்கொண்டு ஆஃப் பண்ணிவிடுவது. போனில் அனுப்புகிறேன் என்கிறவர்கள் மேட்டுப்பாளையம் தாண்டியதும் மறந்துவிடுவார்கள். உங்களுக்கு அந்தக் கட்டம் முடிந்துவிட்டது, அதனால் இப்போது போலீஸ்தான். முதலில் எம்பரிவாகன் ஆப்பில் அந்த வண்டி நம்பரைப் போடுங்கள், இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறதா, எந்தக் கம்பெனி என்று காட்டும். அது இல்லாமல் ஓட்டியிருந்தால் ஆட்டமே வேறு.

மேட்டுப்பாளையம் பட்டறை

டாக்ஸி தம்பி சொல்வது கீறலுக்குச் சரி. ஹெட்லைட்டும் ஃபெண்டரும் போன வண்டிக்கு ரோட்டில் நின்று விலை பேச முடியாது, உள்ளே ரேடியேட்டர் சப்போர்ட் வளைந்திருக்கிறதா என்று பம்பரைக் கழற்றிப் பார்த்தால்தான் தெரியும்.

இருபது வருஷத்துக்கும் மேலாக கிளெய்ம் வண்டிகள் பார்க்கிறேன், அதனால் நீளமாகவே சொல்கிறேன். முதலில் அந்த ஏஜென்ட் யோசனையைக் குப்பையில் போடுங்கள். கேட்டில் இடித்த வண்டிக்கு அடி எப்படி இருக்கும், ஓடுகிற வண்டி உரசினால் எப்படி இருக்கும் என்று சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயருக்குத் தெரியும். உங்கள் ஃபெண்டரில் அவன் வண்டி பெயிண்ட் ஒட்டியிருக்கும். பொய் என்று தெரிந்தால் மொத்த கிளெய்மையும் நிராகரிக்கலாம். அதைவிட முக்கியம், கேட் என்று எழுதிவிட்டால் நாளைக்கு எதிராளியிடம் ஒரு பைசா கேட்கும் உரிமையும் உங்கள் கையெழுத்தாலேயே போய்விடும். நடந்ததை நடந்தபடி, அவன் வண்டி நம்பரோடு எழுதுங்கள்.

இனி கணக்கு. உங்கள் எஸ்டிமேட் எப்படிப் பிரிந்திருக்கும் என்று ஒரு உத்தேசம்: பம்பர் 4,500, ஃபெண்டர் 3,500, ஹெட்லைட் 5,000, கண்ணாடி செட் 2,000, கூலி 3,000, பெயிண்டிங் 8,000. ஜீரோ டெப் இல்லாததால் பிளாஸ்டிக், ரப்பர் சாமான் எல்லாவற்றுக்கும் பாதிதான் தருவார்கள். இரும்புத் தகடுக்கு வண்டி வயசைப் பொறுத்துக் கழிவு, மூன்றிலிருந்து நான்கு வருஷத்துக்குள் என்றால் 25 சதவீதம். பெயிண்டிங் பில்லில் கால் பங்கைப் பொருள் செலவாக வைத்து அதில் பாதி கழிப்பார்கள். கூலியில் கழிவு இல்லை. ஆக 2,250, 875, 2,500, 1,000, 1,000 என்று 7,625 போகும். அதற்கு மேல் 1500 சிசி வரையுள்ள காருக்குக் கட்டாயக் கழிவு, அதாவது எந்த கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய தொகை, 1,000. கம்பெனி தருவது 17,375, உங்கள் கையிலிருந்து 8,625.

என்.சி.பி. இழப்பையும் போட்டுப் பாருங்கள், இதைத்தான் யாரும் செய்வதில்லை. அது ஓன் டேமேஜ் (நம் வண்டிச் சேதத்துக்கான) பிரீமியத்துக்கு மட்டும்தான், தேர்ட் பார்ட்டி (அடுத்தவருக்கு வரும் நஷ்டத்துக்கான) பிரீமியத்தைத் தொடாது. ஓன் டேமேஜ் பிரீமியம் தள்ளுபடிக்கு முன் 6,000 என்று வையுங்கள். கிளெய்ம் போடாவிட்டால் அடுத்த ரினியூவலில் 45, அப்புறம் 50 என்று நின்றுவிடும். போட்டால் பூஜ்யம், பிறகு 20, 25, 35, 45, 50 என்று மறுபடி ஏற வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை வருஷாவருஷம் கூட்டினால் 7,200 ரூபாய் வருகிறது. வண்டி மதிப்பு குறையக் குறைய பிரீமியமும் குறையும் என்பதால் உண்மையில் இதைவிடக் கம்மிதான். 17,375 வாங்கி 7,200 இழந்தாலும் பத்தாயிரம் லாபம். எஸ்டிமேட் பத்து பன்னிரண்டாயிரம் என்றால் கிளெய்ம் போடாதீர்கள் என்று நானே சொல்லியிருப்பேன். உங்கள் விஷயத்தில் போடலாம்.

இன்னொன்று. சர்வேயர் பார்க்காமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற விடாதீர்கள், கழற்றிய பழைய சாமான்களைத் தூக்கிப் போடவும் விடாதீர்கள். ரேடியேட்டர் தண்ணீர் ஒழுகினால் வண்டியை ஓட்டவே கூடாது. ஒழுகலோடு ஏற்றம் ஏறி எஞ்சின் பிடித்துக்கொண்டால், அது விபத்தால் வந்த சேதம் இல்லை, நீங்கள் ஓட்டியதால் வந்தது என்று கை விரித்துவிடுவார்கள். கட்டி இழுத்து வருவதற்கு சாதாரண பாலிசியில் 1,500 ரூபாய் வரைதான், ரோடுசைடு அசிஸ்டன்ஸ் தனியாக எடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

அரவேனு வாசி

ரொம்ப நன்றி அண்ணா, இவ்வளவு தெளிவாக யாரும் சொன்னதில்லை. ஒழுகல் எதுவும் இல்லை, வண்டி வீட்டில்தான் நிற்கிறது. எம்பரிவாகனில் பார்த்தேன், அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது. அப்படியானால் அவர்கள் கம்பெனிக்கு நேராக எழுதி 26,000-மும் வாங்க முடியாதா? இன்னொரு சந்தேகம், கேஷ்லெஸ் (பில்லை கம்பெனியே நேராகக் கட்டுவது) என்றால் கோயம்புத்தூர் போகச் சொல்கிறார்கள், கோத்தகிரியிலேயே வேலை பார்த்தால் பணம் வருமா?

கேத்தி வக்கீல்

சட்டப்படி முடியும், நடைமுறையில் சுற்று வழி. இடித்தவருடைய தேர்ட் பார்ட்டி பாலிசி, மனிதருக்கு ஏற்படும் காயத்துக்கு மட்டும் இல்லை, அடுத்தவர் பொருளுக்கு வரும் சேதத்துக்கும் உண்டு, காருக்கு வழக்கமாக ஏழரை லட்சம் வரை. ஆனால் சில பேர் பிரீமியத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்க அதை 6,000 ரூபாயாகக் குறைத்து எடுத்திருப்பார்கள். அப்படியென்றால் மீதியை ஓனர்தான் தர வேண்டும்.

அந்தக் கம்பெனிக்கு நீங்கள் கடிதம் எழுதினால் பெரும்பாலும் தீர்ப்பாயத்துக்குப் போங்கள் என்றுதான் பதில் வரும். அவர்களுக்கும் உங்களுக்கும் ஒப்பந்தம் இல்லை, அதனால் இன்சூரன்ஸ் புகார்களைத் தீர்த்துவைக்கும் ஆம்பட்ஸ்மேனும் இதை எடுக்க மாட்டார். அவர் உங்கள் சொந்தக் கம்பெனி இழுத்தடித்தால்தான் உதவுவார். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு போடலாம், மோட்டார் வாகனச் சட்டம் 166-வது பிரிவு. எதிராளி எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் விபத்து நடந்த இடத்திலோ நீங்கள் குடியிருக்கும் இடத்திலோ போடலாம் என்பதால் ஊட்டியிலேயே முடியும். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும், 2019 திருத்தத்துக்குப் பிறகு அந்தக் கெடு வந்துவிட்டது. மக்கள் நீதிமன்றத்துக்கு வந்தால் சமரசத்தில் முடிய வாய்ப்பு உண்டு. இருந்தாலும் 26,000 ரூபாய்க்காக முழு வழக்கு நடத்துங்கள் என்று எந்த வக்கீலும் மனசாட்சியோடு சொல்ல மாட்டார், நானும் சொல்ல மாட்டேன்.

உங்களுக்கு நல்ல வழி இரண்டையும் சேர்ப்பது. சொந்த பாலிசியில் கிளெய்ம் போட்டு வண்டியைச் சரி செய்யுங்கள். கம்பெனி தராமல் விட்ட 8,625 ரூபாயும் என்.சி.பி. நஷ்டமும் உங்கள் சொந்த இழப்பு, அதை ஓனரிடம் கேளுங்கள். முழுத் தொகையையும் இரண்டு இடத்தில் வாங்குவதுதான் தப்பு.

எஃப்.ஐ.ஆர். இப்போதைக்குக் கட்டாயமில்லை, காயம் இல்லாத சின்ன ஓன் டேமேஜ் கிளெய்முக்குப் பெரும்பாலும் கேட்பதில்லை. ஆனால் புகார் கொடுத்து, புகாரைப் பெற்றதற்கு நிலையத்தில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதாவது வாங்குங்கள். எல்லையைப் பார்த்துக்கொள்ளுங்கள், குஞ்சப்பனைக்குக் கீழே என்றால் கோவை மாவட்டம், மேலே என்றால் நீலகிரி. அங்கே போ, இங்கே போ என்று அலைய விட்டால், 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ள புதிய சட்டப்படி எல்லை பார்க்காமல் பதியலாம் என்று மரியாதையாக நினைவுபடுத்துங்கள். விபத்தை 24 மணி நேரத்துக்குள் போலீசுக்குச் சொல்ல வேண்டிய கடமை, மோட்டார் வாகனச் சட்டம் 134-வது பிரிவுப்படி, அந்த டிரைவருக்கும் உண்டு.

மேட்டுப்பாளையம் பட்டறை

கோத்தகிரியிலேயே பார்க்கலாம். முன்கூட்டியே கம்பெனியிடம் சொல்லி சர்வே முடித்து, ஜி.எஸ்.டி. பில் தரும் கடையாகப் பாருங்கள். வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுக்கும் பில் செல்லாது. பணத்தை நீங்கள் கட்டிவிட்டு பில், ஆர்.சி., லைசென்ஸ், கேன்சல் செய்த செக் எல்லாம் கொடுத்தால் கணக்கில் போடுவார்கள். இந்த அளவு சேதத்துக்கு சில கம்பெனிகள் சர்வேயரை மலைக்கு அனுப்பாமல் வீடியோ காலிலேயே பார்த்துவிடுகிறார்கள், மூடுபனி இல்லாத நேரமாகப் பார்த்துக் காட்டுங்கள், இல்லாவிட்டால் அவருக்கு ஒன்றும் தெரியாது.

அடுத்த ரினியூவலில் ஜீரோ டெப் சேர்த்துவிடுங்கள். வழக்கமாக ஐந்து வருஷம் வரையான வண்டிக்குத்தான் தருவார்கள், உங்களுக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

குன்னூர் டாக்ஸி

இதையும் போலீஸிடம் சொல்லிப் பாருங்கள். 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டி நீலகிரிக்கு வர இ-பாஸ் வேண்டும், அதை எடுக்க போன் நம்பர் கொடுத்திருப்பார்கள். நிலையத்தில் நினைத்தால் அங்கிருந்தும் ஆளைப் பிடிக்கலாம். ஓனர்கள் நம் போனை எடுக்க மாட்டார்கள், ஸ்டேஷன் நம்பரை உடனே எடுப்பார்கள்.

அரவேனு வாசி

அதேதான் நடந்தது. நிலையத்தில் புகார் கொடுத்து சி.எஸ்.ஆர். வாங்கினேன், அவர்கள் ஒரு போன் போட்டதும் ஓனரே என்னைக் கூப்பிட்டார். அவ்வளவு பணிவு! கிளெய்ம் நடந்தபடியே எழுதிப் போட்டுவிட்டேன், ஏஜென்ட்டுக்கு மட்டும் முகம் சரியில்லை. ஓனர் 8,000 தருகிறேன், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்கிறார். வாங்கலாமா?

கேத்தி வக்கீல்

வாங்குங்கள், கொஞ்சம் பேசி பத்தாக்கப் பாருங்கள். கணக்கில் பணம் வந்த பிறகுதான் கையெழுத்து. "எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று பொதுவாக எழுதிக் கொடுக்காதீர்கள், உங்கள் கம்பெனி பிறகு அவர்களிடம் வசூலிக்க நினைத்தால் அது குறுக்கே நிற்கும். கம்பெனிகள் அவரவர் வண்டியை அவரவரே பார்த்துக்கொள்வது என்று தங்களுக்குள் ஒப்பந்தம் வைத்திருப்பதால் பெரும்பாலும் வசூலிக்கப் போவதில்லை, ஆனாலும் அந்தக் கதவை நீங்கள் அடைக்க வேண்டாம். "காப்பீட்டில் கிடைக்காத பழுதுபார்ப்புச் செலவுக்காகவும் என்.சி.பி. இழப்புக்காகவும் மட்டும் இந்தத் தொகை பெற்றேன்" என்று தேதி, இரண்டு வண்டி நம்பர், தொகை போட்டு எழுதி, ஒரு நகல் உங்கள் கம்பெனிக்கும் மெயிலில் அனுப்பிவிடுங்கள்.