புளோயர் மோட்டார் முக்கால் வேகத்துக்கு மேல் ஏறவில்லை: சாஃப்ட் ஸ்டார்ட்டரில் எதை மாற்றுவது?

கேள்வி

வணக்கம். பெரிய புளோயர் ஒன்றை ஓட்டும் 45 கிலோவாட், 400 வோல்ட், 80 ஆம்பியர் மோட்டாருக்கு, ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரை (முதலில் ஸ்டார், பிறகு டெல்டா இணைப்பில் மோட்டாரை ஓட்டுவது) எடுத்துவிட்டுச் சாஃப்ட் ஸ்டார்ட்டர் (மின்னழுத்தத்தை மெல்ல உயர்த்தித் தொடக்கும் கருவி) பொருத்தியிருக்கிறோம். தொடக்க மின்னழுத்தம் 40 சதவீதம், ராம்ப் டைம் (மின்னழுத்தம் முழு அளவுக்கு ஏறும் நேரம்) 10 வினாடி, கரன்ட் லிமிட் (மின்னோட்ட வரம்பு) மோட்டாரின் 80 ஆம்பியரில் 300 சதவீதம். மோட்டார் சீராகத்தான் எழுகிறது. ஆனால் முக்கால் வேகத்துக்கு வந்தபின் 240 ஆம்பியரிலேயே முனகிக்கொண்டிருந்து, ஓவர்லோடில் ட்ரிப் ஆகிறது. ராம்ப் டைமை 30 வினாடியாக்கியும் பயனில்லை. தவிர, ஸ்டார்ட் கொடுக்காதபோதும் வெளியீட்டு முனைகளில் டெஸ்டர் எரிகிறது. தைரிஸ்டர் (ஸ்டார்ட்டருக்குள் உள்ள மின்னணுச் சுவிட்ச்) பழுதாகிவிட்டதா?

பதில் 1

ஸ்டார்-டெல்டாவை எடுத்த இடங்களில், மோட்டார் பெட்டிக்குள் முனைகளை இணைக்கும் பட்டைகள் டெல்டாவில் போடப்பட்டுள்ளனவா என்பதையே முதலில் பார்ப்பேன். உங்கள் இடத்தில் அது சரியாகவே இருக்க வேண்டும். ஸ்டாரில் விட்டிருந்தால் நேரடித் தொடக்க மின்னோட்டத்தின் மூன்றில் ஒரு பங்குதான் வரும், 240 ஆம்பியரை எட்டவே எட்டாது.

ஆகவே குறை கரன்ட் லிமிட்டில்தான் இருக்கிறது. முறுக்குவிசை மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறும். நேரடியாகத் தொடங்கினால் இம்மோட்டார் 6.5 மடங்கு மின்னோட்டம் இழுக்கும் என்று கொண்டால், 3 மடங்கில் நிறுத்தும்போது கிடைப்பது நேரடி முறுக்குவிசையில் ஏறத்தாழ 21 சதவீதம் மட்டுமே. புளோயரோ, டேம்பர் (காற்று வழியை மூடித் திறக்கும் தகடு) திறந்திருந்தால், முக்கால் வேகத்திலேயே முழுச்சுமை முறுக்குவிசையில் 56 சதவீதம் கேட்கும். ஸ்டார் இணைப்பில் 33 சதவீதம் கிடைத்ததோடு, டெல்டாவுக்கு மாறியதும் முழு மின்னழுத்தமும் வந்ததால்தான் முன்பு ஓடியது. மின்னோட்டம் வரம்பைத் தொட்டுவிட்டபின் ராம்ப் டைமை நீட்டினால் வேகம் கூடாது, சூடுதான் கூடும்.

மோட்டார் ஆறியபின், உள்வழி டேம்பரை மூடிவைத்து, வரம்பை 400 சதவீதமாக்கிப் பாருங்கள், போதாவிட்டால் 450. ஸ்டார்ட்டரும் மின்வழங்கலும் அதைத் தாங்குமா என்று முன்னதாக உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பதில் 2

டெஸ்டர் எரிவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அணைந்த நிலையிலும் தைரிஸ்டர் வழியாகவும் அதனோடு இணைந்த பாதுகாப்புச் சுற்று வழியாகவும் சிறு கசிவு இருக்கும் என்பதால், இதை மட்டும் வைத்துப் பழுது என்று முடிவுகட்ட முடியாது. ஆனால் அந்த முனைகளை உயிருள்ளவையாகவே கருத வேண்டும். ஐசொலேட்டரை (மின்துண்டிப்புச் சுவிட்சை) அணைத்துப் பூட்டாமல் மோட்டார் பெட்டியைத் திறக்கக் கூடாது.

ஐயம் தீர, மின்சாரத்தைத் துண்டித்து, மோட்டார் கேபிள்களைக் கழற்றி, ஒவ்வொரு ஃபேஸிலும் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் இடையே மல்டிமீட்டரால் மின்தடையை அளவிடுங்கள். ஒரு ஃபேஸ் மட்டும் பூச்சியத்தை ஒட்டிக் காட்டினால், தைரிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்கலாம், அல்லது பைபாஸ் கான்டாக்டர் (முழு வேகம் வந்தபின் தைரிஸ்டரைத் தவிர்த்து மின்சாரத்தை நேராக விடும் சுவிட்ச்) ஒட்டிக்கொண்டிருக்கலாம். மெகர் (காப்புத்தடைச் சோதனை) போடுவதென்றால் ஸ்டார்ட்டரை விலக்கிவிட்டு மோட்டாருக்கு மட்டும் போடுங்கள்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. பட்டைகள் டெல்டாவில்தான் உள்ளன. மூன்று ஃபேஸும் ஒரே அளவு மின்தடை காட்டின. டேம்பரை மூடி, 400 சதவீதத்தில், 18 வினாடியில் முழு வேகம் வந்து பைபாஸும் இணைந்தது. ட்ரிப் கிளாஸ் (ஓவர்லோடு எவ்வளவு விரைவில் ட்ரிப் ஆகும் என்பதைக் குறிக்கும் அமைப்பு) 10 என்று இருப்பதை மாற்ற வேண்டுமா?

பதில் 1

ட்ரிப் ஆகாமல் எழுகிறதென்றால் மாற்ற வேண்டாம். குளிர்ந்த நிலையில் எழுந்து, சூடான நிலையில் மட்டும் ட்ரிப் ஆனால், மோட்டார் தயாரிப்பாளர் தரும் தாங்குநேரத்தைப் பார்த்தபின் கிளாஸ் 20 வைக்கலாம். மணிக்கு எத்தனை முறை தொடங்கலாம் என்பதையும் ஸ்டார்ட்டரின் கையேட்டில், இந்த 400 சதவீதம், 18 வினாடி என்ற கணக்குக்கே பாருங்கள்.