வீட்டுக்காரரின் கோபத்துக்கு அடியில் பயம்: உபவாசமா, கவுன்சிலிங்கா?

நெல்லைச் சகோதரி: என் வீட்டுக்காரருக்கு வேலை போய் இரண்டு வருஷம். அதிலிருந்து அவர் ராத்திரி தூங்குவதே இல்லை. கேஸ் அடுப்பை அணைத்தாச்சா என்று நாலு தடவை போய்ப் பார்ப்பார். என் போனை நோண்டுவார். பிள்ளை இருமினால் என்மேல் எரிந்து விழுவார். கை நீட்டியதில்லை. போன வாரம் அவராகவே "எனக்குப் பயமா இருக்கு" என்று அழுதார். போதகர் மூன்று நாள் உபவாசம் இருக்கச் சொல்கிறார். கவுன்சிலரிடம் போகலாமா?

ஜெபக்கூடாரம்: சகோதரி, "தேவன் நமக்குப் பயமுள்ள ஆவியைக் கொடாமல்" என்று 2 தீமோத்தேயு 1:7 சொல்கிறதே. காசு வாங்கிக்கொண்டு கேட்கிறவரிடம் வீட்டு விஷயத்தை ஏன் கொட்டவேண்டும்? என் அப்பா குடியை விட்டது முழங்காலில்தான். கண்ணால் பார்த்தவன் நான்.

பாலாற்றங்கரை: உங்கள் அப்பாவுக்கு நடந்ததை மறுக்கவில்லை பிரதர். ஆனால் அதே வசனம் "தெளிந்த புத்தி" என்றும் சொல்கிறது. சூரைச்செடியின் கீழ் "போதும் கர்த்தாவே" என்று படுத்த எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் பிரசங்கமா பண்ணினான்? தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி தூங்கவிட்டான். கர்த்தர் கேள்வி கேட்டது ஓரேப் மலைக்குப் போன பிறகுதான் (1 இராஜாக்கள் 19). தூக்கமில்லாதவரைப் பட்டினி போடாதீர்கள், சகோதரி. மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416, அரசாங்க எண், காசில்லை. வேலூர் சிஎம்சி மிஷன் ஆஸ்பத்திரியும் பாகாயத்தில் 1957 முதல் மனநல வைத்தியம் பார்க்கிறது, குடும்பத்தாரைக் கூடத் தங்கவைத்து. அதுவும் ஊழியம்தானே?

மோவாபியள்: இரண்டு பேரும் அவரைப் பற்றியே பேசுகிறீர்கள். எகிப்தில் உயிருக்குப் பயந்தது ஆபிராம். பார்வோன் அரமனைக்குக் கொண்டுபோகப்பட்டது அவர் மனைவி சாராய். அக்கா, பயத்தால்தான் போனைப் பார்க்கிறார் என்றாலும் அதை நீங்கள் சகிக்கவேண்டியதில்லை. கவுன்சிலர் உங்களிடம் தனியாகவும் பேசவேண்டும். என்றைக்காவது கை ஓங்கினால் பெண்கள் உதவி எண் 181.

ஜெபக்கூடாரம்: மனம் திறந்து அழுத மனுஷனைக் குற்றவாளி ஆக்குகிறீர்களே!

மோவாபியள்: இல்லை. அவர் அழுததுதான் எனக்கும் நம்பிக்கை. அந்தப் பயத்தைத் தாங்குகிற வேலையை அக்கா தலையில் மட்டும் வைக்காதீர்கள் என்கிறேன்.

ஜெபக்கூடாரம்: உபவாசத்தை வேண்டுமானால் நான் இருக்கிறேன், அவர் சாப்பிடட்டும். மாத்திரை விஷயத்தில் எனக்கு இன்னும் சம்மதமில்லை.

நெல்லைச் சகோதரி: எலியாவின் அதிகாரத்தை ராத்திரி வாசித்துக் காட்டினேன். காலையில் அவரே 14416-ஐக் கூப்பிட்டார், தமிழிலேயே பேசினார்கள். புதன்கிழமை டாக்டரிடம் போகிறோம். போதகரும் கூட வருகிறேன் என்கிறார். என் போனுக்கு ரகசிய எண் வைத்துவிட்டேன். என்ன எண் என்று கேட்டார். சொல்லவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, சாப்பிட உட்கார்ந்தார்.