மறு: வண்டி ஒரு பக்கம் தாழ்ந்து நிற்பதற்கு ஒரு சொல்: ‘ஒருக்களிப்பு’

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

சமதரையில் சும்மா நிற்கும் லாரி ஒரு பக்கம் தாழ்ந்திருந்தால் அந்தக் குறைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று சென்ற வாரம் கேட்டிருந்தேன். டீசல் மெக்கானிக் மாணவர்களுக்காக நான் எழுதும் கையேட்டின் மூன்றாம் அத்தியாயம் இந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறது. சாய்வு, கோட்டம், கோணல், பக்க இறக்கம் என்று நான்கு சொற்களை அனுப்பியிருக்கிறீர்கள். நான்கையும் பட்டறைக்கு எடுத்துப்போய் வண்டியின் அருகில் வைத்துப் பார்த்தேன்.

‘சாய்வு’ எளிய சொல். ஆனால் அதற்கு ஏற்கெனவே வேலை அதிகம். சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சரிந்திருப்பதும் சாய்வு, சாலையின் ஓரம் தாழ்ந்திருப்பதும் சாய்வு, வளைவில் திரும்பும்போது வண்டி வெளிப்பக்கம் அழுந்துவதும் சாய்வு. வளைவில் சாய்ந்த லாரி, வளைவு முடிந்ததும் நிமிர்ந்துவிட்டால் அது நல்ல வண்டி. நிமிராமல் அப்படியே நின்றுவிடுவதற்குத்தான் நமக்குப் பெயர் வேண்டும். இரண்டையும் ஒரே சொல்லால் எழுதினால் மாணவன் ஆரோக்கியத்தையும் நோயையும் ஒன்றாகப் படிப்பான்.

‘கோட்டம்’ என்ற சொல்லைக் கண்டதும் மனம் நிறைந்தது. ‘சமன்செய்து சீர்தூக்குங் கோல்போல் அமைந்தொருபால் கோடாமை’ (கோடாமை என்றால் ஒரு பக்கம் சாயாமை) என்ற 118ஆம் குறளை நினைவூட்டிய நண்பருக்கு நன்றி. ஒரு பக்கம் சாய்வதற்குத் தமிழில் இதைவிடப் பழைய, துல்லியமான ஆட்சி எனக்குத் தெரியவில்லை. இருந்தும் இதை ஏற்க முடியவில்லை. அரசுப் பேருந்துப் பணிமனையில் ‘கோட்டம்’ என்றால் விழுப்புரம் கோட்டம், கும்பகோணம் கோட்டம் என்று நிர்வாகப் பிரிவுதான் நினைவுக்கு வரும். ‘வண்டியில் கோட்டம் இருக்கிறது’ என்று ஒரு பணிமனைக் குறிப்பேட்டில் எழுதினால் யாருக்கும் புரியாது. ‘கோணல்’ வேண்டாம். பின் ஆக்சில் (சக்கரங்களைத் தாங்கும் அச்சு) நேராக அமராமல் வண்டி குறுக்காக ஓடுவதைத்தான் ஓட்டுநர்கள் கோணல் என்கிறார்கள். அதற்கே அந்தச் சொல் இருக்கட்டும்.

மீதமிருப்பது ‘பக்க இறக்கம்’. குழுமத்தில் பலரும் ஆதரித்தது இதைத்தான். ‘இடது பக்கம் இறங்கி நிற்கிறது’ என்று ஓட்டுநர்களே சொல்கிறார்கள் என்ற வாதமும் சரியானது. ஆனாலும் நான் இதை எதிர்க்கிறேன். இந்தப் பெயர் நோயைச் சொல்லும்போதே காரணத்தையும் சொல்லிவிடுகிறது. இறங்கிய பக்கத்தில்தான் பழுது என்று மாணவன் முடிவு கட்டிவிடுவான்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்களிடம் ஒரு செங்கல் லாரி வந்தது. இடது பின்பக்கம் இறங்கியிருக்கிறது என்று வேறொரு பட்டறையில் அந்தப் பக்கத்து ஸ்பிரிங் கட்டில் (எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியது) கூடுதலாக ஒரு பட்டையைச் சேர்த்திருந்தார்கள். வெறும் வண்டி நேராக நின்றது. சுமை ஏறியதும் சேஸ் (வண்டியின் அடிச்சட்டம்) முறுக்கிக்கொண்டு முன்பக்கம் இடது புறமாக அழுந்தியது. அவிழ்த்துப் பார்த்தபோது இடது முன் கட்டில் இரண்டாவது பட்டை உடைந்திருந்தது. சேறும் கிரீசும் அப்பியிருந்ததால் விரிசல் வெளியே தெரியவில்லை. முன்பக்கம் தாங்காத எடை பின்பக்கத்தையும் சேர்த்து அழுத்தியிருக்கிறது. கண்ணுக்குத் தெரிந்த இறக்கம் பின்னால், பழுது முன்னால்.

அதனால்தான் எங்கள் மாணவர்களுக்கு வரிசை மாறாமல் சொல்லித் தருகிறோம். முதலில் டயர்: காற்றழுத்தம் இருபுறமும் ஒன்றா, இரட்டைச் சக்கரங்களில் தேய்ந்ததும் புதியதும் கலந்திருக்கிறதா. அடுத்து எடை: ஒரு பக்கம் மட்டும் மாட்டிய 300 லிட்டர் டேங்க் நிரம்பியிருந்தால் டீசலே சுமார் 250 கிலோ இருக்கும், பேட்டரியும் ஸ்டெப்னியும் எந்தப் பக்கம் என்றும் பார்க்க வேண்டும். பிறகு வண்டியை நேராக முன்னும் பின்னும் சில அடிகள் உருட்ட வேண்டும். பட்டைகள் ஒன்றோடொன்று உராய்வதால், வளைவில் திரும்பி வந்து நின்ற வண்டி அழுந்திய பக்கமே கொஞ்சம் தங்கிவிடும். உருட்டாமல் எடுத்த அளவு பொய் சொல்லும்.

அளப்பதிலும் இரண்டு அளவுகள் உண்டு. தரையிலிருந்து சேஸ் வரை ஒன்று, ஆக்சிலிலிருந்து சேஸ் வரை ஒன்று. முதல் அளவு இருபுறமும் வேறுபட்டு, இரண்டாவது ஒன்றாக இருந்தால் ஸ்பிரிங்கைத் தொடவே வேண்டாம். டயரிலோ தரையிலோதான் வேறுபாடு. இரண்டாவது அளவும் வேறுபட்டால், வெறும் வண்டியின் பின்சக்கரங்களுக்குக் கட்டை போட்டு, முன் குறுக்குச் சட்டத்தின் நட்டநடுவில் ஜாக்கி வைத்து, முன் ஸ்பிரிங்குகள் எடை தாங்காத அளவுக்கு மட்டும் தூக்க வேண்டும். அந்த நேரத்தில் யாரும் அடியில் போகக் கூடாது. இப்போது பின்பக்கம் நேராகிவிட்டால் குறை முன்னால். நேராகவில்லை என்றால் பின்னால். அந்தச் செங்கல் லாரிக்கு இந்த ஒரு சோதனையை முதலிலேயே செய்திருந்தால் அதன் உரிமையாளருக்கு வீண் செலவு வந்திருக்காது.

ஆகவே நான் முன்வைக்கும் சொல் ‘ஒருக்களிப்பு’. கருவுற்ற பெண்ணிடம் ‘இடது பக்கம் ஒருக்களித்துப் படு’ என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்களே, அந்தச் சொல்தான். எங்கள் ஊரில் ‘ஒருக்கணித்து’ என்றும் சொல்வார்கள். ஓர் உடல் முழுவதும் ஒரு பக்கமாக இருக்கும் நிலையை மட்டும் அது சொல்கிறது. ஏன் அப்படி இருக்கிறது என்று சொல்வதில்லை. வினையாகவும் வரும், பெயராகவும் வரும்: வண்டி ஒருக்களிக்கிறது, இட ஒருக்களிப்பு, வல ஒருக்களிப்பு, ஒருக்களிப்பு 25 மி.மீ. பாதி மூடிய கதவையும் ‘ஒருக்களித்த கதவு’ என்போமே என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான். ஆனால் பட்டறையில் அந்தக் குழப்பம் வர வழியில்லை.

காரணங்களுக்குத் தனித்தனிப் பெயர்கள் இருக்கட்டும். பட்டை தன் வளைவை இழந்து தட்டையாவதற்குத் ‘தொய்வு’. ஓடும்போது ஸ்டீயரிங் ஒரு பக்கம் போவதற்கு ஓட்டுநர்களின் ‘இழுப்பு’ என்ற சொல்லே போதும். வளைவில் அழுந்துவதற்கு ‘வளைவுச் சாய்வு’. இப்படிப் பிரித்துவிட்டால், ‘இட ஒருக்களிப்பு; காரணம் இடது முன் கட்டில் பட்டை முறிவு’ என்று ஒரே வரியில் எழுதிவிடலாம். நாம் இடப்புறமாக ஓட்டுகிறோம், சாலையும் நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுமார் 2 விழுக்காடு சரிகிறது. அதனால் இடது கட்டின் மேல் எப்போதும் சற்றுக் கூடுதல் எடை விழுகிறது. அந்தக் கட்டு முந்தித் தொய்வதை விளக்கவும் இந்தச் சொற்கள் உதவும்.

சரிசெய்யும் முறைகளில் பெயர்ச் சிக்கல் அதிகம் இல்லை. தொய்ந்த ஸ்பிரிங் கட்டை ஒரு பக்கம் மட்டும் மாற்றாமல் ஜோடியாக மாற்றுவது, சந்தேகம் இருந்தால் இடது கட்டையும் வலது கட்டையும் இடம் மாற்றிப் பார்ப்பது (ஒருக்களிப்பும் பக்கம் மாறினால் குறை ஸ்பிரிங்கில், மாறாவிட்டால் சேஸிலோ, ஸ்பிரிங்கைச் சேஸோடு மாட்டும் பிராக்கெட்டிலோ), சுமையோடு சிறிது தூரம் ஓடியபின், கட்டை ஆக்சிலோடு இறுக்கிப் பிடிக்கும் யூ போல்ட்டை மீண்டும் முறுக்குவது. உடைந்த பட்டையை வெல்டிங் செய்யவே கூடாது, கேஸ் நெருப்பில் காய்ச்சி வளைக்கவும் கூடாது என்பதைத் தடித்த எழுத்தில் போடப்போகிறேன். அந்தச் சூட்டில் எஃகின் பதம் போய்விடும். அது முறியும்போது வண்டி சாலையில் இருக்கும்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. தொய்ந்த பட்டைக்கு மறுபடி வளைவு கொடுத்துப் பதமேற்றும் வேலைக்கு ‘வளைவேற்றம்’ என்று எழுதியிருக்கிறேன். நாமக்கல், சங்ககிரி பக்கம் பட்டை வேலை செய்பவர்களை அறிந்த நண்பர்கள் யாராவது இருந்தால், அவர்கள் வாயில் வழங்கும் சொல்லைக் கேட்டு எழுதுங்கள். அது கிடைத்தால் என் சொல்லை நீக்கிவிட்டு அதையே அச்சுக்கு அனுப்புகிறேன்.