நாடு மாறும்போது துப்பாக்கி, ஏர் கன் கொண்டுபோனவங்க சொல்லுங்க: உங்களுக்கு என்ன நடந்தது?

வடக்குக்கரை:
பி.ஆர். வாங்கிக் கனடாவுல இறங்கின அன்னிக்கே, பின்னால வரப்போற சாமான் பட்டியல்ல ரெண்டையும் எழுதிக் கொடுத்துட்டேன். ஒரு ஸ்பிரிங் ஏர் ரைபிள். பையனோட கார்பன் டை ஆக்சைடு பிஸ்டல் ஒண்ணு. முன்னாடி இருந்த நாட்டுல ரெண்டுக்குமே லைசென்ஸ் வேண்டாம். இங்கே குண்டு வேகம் நொடிக்கு 152.4 மீட்டரையும், சக்தி 5.7 ஜூலையும் ரெண்டும் சேர்ந்து தாண்டினா அது நிஜத் துப்பாக்கிக் கணக்குல வரும். ரைபிள் தாண்டும். அதனால கன்டெய்னர் கடல்ல இருக்கும்போதே பாதுகாப்பு வகுப்புக்குப் போய் பி.ஏ.எல்., அதாவது கனடாவோட துப்பாக்கி லைசென்ஸ், வாங்கி வச்சுட்டேன். பிஸ்டல் அந்த எல்லைக்கு ரொம்பக் கீழே, நொடிக்கு 100 மீட்டர்கூட வராது.

கிடங்குல அதிகாரி ரைபிளை எடுத்தார், லைசென்ஸைப் பார்த்தார், வரிசை எண்ணைக் குறிச்சுக்கிட்டு ஓரமா வச்சுட்டார். அஞ்சு நிமிஷ வேலை. அப்புறம் பிஸ்டலை எடுத்தார். கம்ப்யூட்டர்ல ஒரு நிஜப் பிஸ்டல் படத்தைத் திறந்து, இதை அந்தத் திரைக்குக் கீழே வச்சு, திரையை எங்க பக்கம் திருப்பினார். "என்ன வித்தியாசம் தெரியுது?"னு கேட்டார். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள பையன், "ஒண்ணும் தெரியலை"ன்னான்.

அவ்வளவுதான். நிஜத் துப்பாக்கி மாதிரியே அச்சா இருந்து, வேகம் 111.6 மீட்டருக்குக் கீழே இருந்தா அது 'நகல் துப்பாக்கி'. நகல் துப்பாக்கி இங்கே தடைசெய்யப்பட்ட சாதனம், இறக்குமதி பண்ணவே முடியாது. அதே பிஸ்டல் இன்னும் கொஞ்சம் வேகமா சுட்டிருந்தா விட்டிருப்பாங்க. காயப்படுத்தக்கூடியது என்கூட வீட்டுக்கு வந்துச்சு, தகர டப்பாவைத் தட்டறது அங்கேயே நின்னுடுச்சு. பையன் வழியெல்லாம் பேசலை. தான் சொன்னதாலதான் போச்சுன்னு அவன் இன்னும் நினைக்கிறான். அதுதான் எனக்கு ஆறலை.

பத்து மீட்டர்:
வடக்குக்கரை, பையனிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அவன் "வித்தியாசம் இருக்கிறது" என்று சொல்லியிருந்தாலும் முடிவு மாறியிருக்காது. ஆனால் "தகர டப்பாவைத் தட்டறது" என்று நீங்கள் எழுதியதை ஏற்க மாட்டேன். தெருவில் அந்தப் பிஸ்டலோடு ஒரு பையன் நின்றால், எதிரே வரும் போலீஸ்காரருக்கு நொடிக்கு எத்தனை மீட்டர் என்று எப்படித் தெரியும்? சட்டம் அந்த இடத்தில் பார்ப்பது தோற்றத்தை. அது சரிதான்.

எங்கள் கதை ஆஸ்திரேலியா. மகள் பத்து மீட்டர் ஏர் ரைபிள் போட்டியாளர். அங்கே ஏர் கன்னுக்குத் தனிச் சலுகை கிடையாது. 1996 போர்ட் ஆர்தர் படுகொலைக்குப் பிறகு வந்த தேசிய ஒப்பந்தத்தின்படி ஏர் ரைபிள் 'ஏ' வகை, சிறு தோட்டா சுடும் .22 ரிம்ஃபயர் ரைபிளோடு ஒரே வரிசை. ஏர் பிஸ்டல் என்றால் கைத்துப்பாக்கிக்கான 'எச்' வகை, இன்னும் கடினம். மாநிலப் போலீஸின் பி709ஏ படிவம் கைக்கு வரும்வரை சுங்கம் விடுவிக்காது. எங்களுக்கு அது தெரியும், தாமதமாகும் என்பதும் தெரியும். தெரிந்திருந்தும், அவள் தோள் அளவுக்குப் பொருத்திய அந்த ரைபிளைப் பெட்டியோடு முத்திரை போட்டு எடுத்துப் போனபோது, "அப்பா, பட்-ப்ளேட்டை யாராவது திருகிடுவாங்களா?" என்று கேட்டாள். தோளில் ஊன்றும் தகடு அது. பறிமுதலா, திரும்ப வருமா என்றெல்லாம் கேட்கவில்லை. அந்தக் கேள்வி மட்டும்தான். சில மாதம் கழித்துத் திரும்ப வந்தது, ஒரு திருகுகூட அசையவில்லை.

இனிப் போகிறவர்களுக்குச் சில விஷயம். யாரும் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது. பி.சி.பி. ரைபிள் (அழுத்தக் காற்றை முன்பே சிலிண்டரில் நிரப்பிச் சுடுவது) என்றால் காற்று சிலிண்டரை முழுக்கக் காலி செய்யுங்கள். அளவுமானி பூஜ்யம் காட்டினால் போதும் என்று நினைக்காதீர்கள், கழற்றித் தனியாக வையுங்கள். எங்களிடம் செக்-இன் கவுன்டரில் உள்ளே டார்ச் அடித்துப் பார்த்தார்கள். கார்பன் டை ஆக்சைடு குப்பிகளை விமான நிறுவனத்தின் முன் அனுமதி இல்லாமல் எடுத்துப் போக முடியாது, வாங்குமிடத்தில் புதிதாக வாங்கிக்கொள்வதே மேல். தோட்டாவுக்கு ஒரு பயணிக்கு 5 கிலோ வரம்பு. இருவருடைய பங்கையும் ஒரே பொட்டலமாகக் கட்டக் கூடாது. ஏர் கன் ஈயக் குண்டில் வெடிமருந்தே இல்லை, ஆனால் கவுன்டரில் இருப்பவர் அதையும் தோட்டா என்றுதான் படிப்பார். அதனால் குண்டு இருக்கும் டப்பாவை, அதன் மூடி தெரியும்படி மேலாக வையுங்கள். நடுவில் விமானம் மாறும் நாட்டையும் மறக்காதீர்கள். பெட்டி நேராகப் போனாலும், அந்த நாட்டு மண்ணில் இறங்கி ஏறுகிறது, அவர்கள் அனுமதியும் வேண்டியிருக்கலாம். ஆயுதத்தில் வரிசை எண் பொறித்திருக்கிறதா என்றும் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் அது இல்லாமல் நகராது. பழைய ஸ்பிரிங் ரைபிள்கள் பலவற்றில் எண்ணே இருக்காது.

பனிமூட்டம்:
நான் ஜேர்மனியில கன காலம் இருந்திட்டு ஸ்கொட்லாந்துக்கு மாறினனான். என்ர ஏர் ரைபிள்ல ஐங்கோணத்துக்குள்ள 'எஃப்' எண்ட முத்திரை இருக்கு. ஜேர்மனியில அது இருந்தால் 7.5 ஜூலுக்கு உள்பட்டது, 18 வயசு தாண்டின ஆர் எண்டாலும் வச்சிருக்கலாம். முத்திரை இல்லாட்டி, சக்தி குறைவெண்டாலும் பெரும்பாலும் உரிமப் பத்திரம் வேணும். என்ர சிநேகிதன் வெளிநாட்டில இருந்து கொண்டுவந்த துவக்கை ஒரு துவக்குத் தச்சனிட்டக் காட்டப் போனவன், நானும் கூடப் போனன். அந்த மனிசன் குழலைப் பாக்கேல்லை, விசையைத் தொடேல்லை. விளக்குக்குக் கீழ பிரட்டிப் பிரட்டி அந்த ஐங்கோணத்தைத்தான் தேடினவர். இல்லையெண்ட உடன மேசையில வச்சிட்டுக் கையை எடுத்திட்டார்.

எனக்கு நடந்தது வேற. இங்கிலாந்தில ஏர் ரைபிள் 12 அடி-பவுண்டுக்குள்ள, அதாவது ஒரு 16 ஜூலுக்குள்ள இருந்தால் சான்றிதழ் தேவையில்லை. என்ர 7.5 ஜூல் அங்க ஒண்டுமே இல்லை. ஆனா ஸ்கொட்லாந்தில 2016 டிசம்பர் 31 தொடக்கம் ஏர் துவக்குக்கும் பொலிஸ் சான்றிதழ் வேணும். வட அயர்லாந்தில ஒரு ஜூலைத் தாண்டினாலே வேணும். ஒரே நாடு, ஒரே கடவுச்சீட்டு. ரோட்டில ஒரு வரவேற்புப் பலகை மட்டும்தான், மறிக்கிறதுக்கு ஒருத்தரும் இல்லை. அந்தப் பலகைக்கு அங்கால போனால் நான் குற்றவாளி. அதால துவக்கைத் தம்பியின்ர வீட்டில, இங்கிலாந்துப் பக்கம் விட்டிட்டுத்தான் குடிபோனன். சான்றிதழ் வந்தாப் பிறகு எடுத்தன். சனம் விமான நிலையத்தைப் பற்றி மட்டும் யோசிக்குது. எல்லை எண்டு தெரியாத எல்லைதான் ஆளை விழுத்தும்.

கைவினைஞன்:
இவ்வளவு அலைச்சல் எதுக்கு? ஏர் ரைபிளைக் கழட்டினா குழல், ஸ்பிரிங், கட்டைன்னு தனித்தனி. வேற வேற பெட்டியில போட்டா இரும்புச் சாமான்தானே. போய்ச் சேர்ந்தப்புறம் மாட்டிக்கலாம்.

பத்து மீட்டர்:
கைவினைஞன், தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். கனடாவில் நிஜத் துப்பாக்கியின் உடற்பகுதி மட்டும் இருந்தாலே அது துப்பாக்கிதான். ஆஸ்திரேலியாவில் பாகங்களுக்கும் இறக்குமதி அனுமதி வேண்டும். பிரித்தானியாவில் சான்றிதழ் தேவைப்படும் ரைபிளின் குழலுக்கும் சான்றிதழ் வேண்டும். எக்ஸ்ரே பார்ப்பவருக்குக் குழலின் துளை துளையாகத்தான் தெரியும். முழுசாக எழுதிக் கொடுத்தால் தாமதம். பிரித்து ஒளித்தால் கடத்தல். புதிதாகக் குடியேறியவருக்குக் கடத்தல் வழக்கு என்றால் போகக்கூடியது ரைபிள் மட்டுமல்ல, அங்கே தங்கும் உரிமையும்தான்.

பெயர் வேண்டாம்:
துப்பாக்கியே இல்லாதவங்களும் இதைப் படிக்கணும். நாங்க குடும்பத்தோட கிளம்பின அன்னிக்கு என் வீட்டுக்காரர் அவங்க அப்பாவோட பழைய தோல் பையை ஆசையா எடுத்துக்கிட்டார். மாமனார் தோட்டத்துக் காவலுக்கு லைசென்ஸ் வச்சிருந்தவர், இறந்துட்டார், துப்பாக்கியும் ஒப்படைச்சாச்சு. எக்ஸ்ரேயில பை நின்னுச்சு. அந்த அம்மா உள்பக்கத் துணியைக் கிழிச்சு, ஒரே ஒரு தோட்டாவை எடுத்து வெள்ளைத் தட்டுல வச்சாங்க. பித்தளை கறுத்துப்போயிருந்துச்சு. என் சின்னது "அது தாத்தாவோடதா?"ன்னு கேட்டது. எங்க யாருக்கும் பதில் வரலை.

விமானம் போயிடுச்சு. இந்திய ஆயுதச் சட்டம் 25-வது பிரிவுல எஃப்.ஐ.ஆர். வக்கீல் சொன்னது: பையில இருக்குன்னு தெரிஞ்சு வச்சிருந்தாத்தான் 'வச்சிருத்தல்'. உச்ச நீதிமன்றம் 1972-லேயே குன்வந்த்லால் வழக்குல இதைச் சொல்லியிருக்கு. துப்பாக்கியே இல்லாம ஒத்தைத் தோட்டா சிக்கின எத்தனையோ வழக்கை உயர் நீதிமன்றங்கள் இதை வச்சு ரத்து பண்ணியிருக்கு. எங்களுதும் கடைசியில ரத்தாச்சு. ஆனா அதுவரைக்கும் போலீஸ் நற்சான்று கிடைக்காது, விசா நகராது, வேலைக்கு எடுத்தவங்க காத்திருக்க மாட்டாங்க. ரத்துங்கற ஒரு சொல்லுக்குள்ள இதெல்லாம் அடங்காது.

இரட்டைக்குழல் பேத்தி:
பெயர் வேண்டாம் அக்கா, படிச்சதும் எழுந்துபோய் எங்க வீட்டுப் பெட்டி எல்லாம் தட்டிப் பார்த்துட்டு வந்தேன்.

தாத்தாவோட இரட்டைக்குழல் துப்பாக்கியை லண்டன் கொண்டுபோகணும்னு எனக்கு ஆசை. அங்கே ஷாட்கன் சான்றிதழ் வாங்கறது நான் நினைச்ச அளவு முடியாத காரியம் இல்லை. கைத்துப்பாக்கியைத்தான் டன்பிளேன் பள்ளிக்கூடப் படுகொலைக்கு அப்புறம் 1997-ல கிட்டத்தட்ட ஒழிச்சுட்டாங்க. தடை வந்தது இந்தப் பக்கம், இந்தியாவுல. ஏற்றுமதிக்கு ஆயுதச் சட்டத்துல தனி உரிமம் வேணும். அதைவிட, துப்பாக்கி நூறு வருஷத்தைத் தாண்டியிருந்தா 1972-ம் வருஷத்துத் தொல்பொருள் சட்டமும் குறுக்கே வரும். அந்தச் சட்டப்படி தொல்பொருளைத் தனியாள் வெளியே கொண்டுபோகவே முடியாது. குழலுக்கு அடியில இருந்த முத்திரையை பூதக்கண்ணாடி வச்சுப் படிச்சார் பதிவு பண்றவர். வருஷத்தை உரக்கச் சொன்னார். நூறு தாண்டிடுச்சு. பாட்டி சிரிச்சாங்க, "அப்ப இது என்னைவிட மூத்தது"ன்னாங்க.

இங்கே சிலர் எனக்குத் தனிச் செய்தியில "செயலிழக்கச் செஞ்சு சுவர்ல மாட்டுங்க"ன்னு எழுதியிருக்கீங்க. பிரித்தானியாவுல அதுக்கும் லண்டன் இல்லைன்னா பர்மிங்காம் சோதனைச் சாலையோட சான்றிதழ் வேணும், குழலை அடைச்சு, உள்ளே வெட்டி, வெல்டிங் பண்ணிடுவாங்க. தாத்தா துடைச்சு வச்ச குழலை நான் அடைக்க மாட்டேன். ஆயுத விதிகள் 2016-ல 25-வது விதி இருக்கு: உரிமம் வச்சிருக்கறவர் இறந்தப்புறமோ, இல்லை எழுபது வயசு ஆனப்புறமோ, துப்பாக்கியை 25 வருஷம் வச்சிருந்தப்புறமோ வாரிசுக்கு மாத்தலாம். தம்பி பேருக்கு மாத்தியாச்சு. யாராவது அப்படி மாத்தறதா இருந்தா, வாங்கறவர்கிட்ட ஏற்கெனவே எத்தனை இருக்குன்னு பாருங்க. 2019 திருத்தத்துக்கு அப்புறம் ஒருத்தருக்கு ரெண்டுதான்.

திரும்பி வந்தவன்:
எல்லாரும் வெளியே போற கதை சொல்றீங்க, நான் உள்ளே வந்த கதை. அமெரிக்காவில் என்னிடம் ஒரு 9 எம்.எம். பிஸ்டலும் ஒரு .22 ரைபிளும் இருந்தன. ஊர் திரும்ப முடிவெடுத்தபோது 9 எம்.எம்.-ஐ விற்றுவிட்டேன், இந்தியாவில் அது தடைசெய்யப்பட்ட குழல் அளவு. .22 மட்டும். குடியிருப்பை மாற்றிக்கொண்டு வருபவருக்கு ஒரே ஒரு துப்பாக்கிக்குத்தான் வழி. அதுவும் வெளிநாட்டில் ஒரு வருடமாவது கையில் வைத்துப் பயன்படுத்தியதாக இருக்க வேண்டும், இந்திய உரிமம் முன்கூட்டியே இருக்க வேண்டும், வரி தனி. தோட்டா ஐம்பதுக்கு மேல் கூடாது.

கையெழுத்துப் போடும் இடத்தில் அதிகாரி நிறுத்தினார். ஒரு வரியில் விரலை வைத்து, "இதைப் படிச்சுட்டுப் போடுங்க" என்றார். விற்க, இரவல் தர, மாற்றித் தர, எந்த விதத்திலும் கைவிட முடியாது, ஆயுள் முழுவதும். என் மகனுக்கு அந்த ரைபிளில்தான் சுடக் கற்றுக்கொடுத்தேன். அவன் பக்கத்தில் நின்றுகொண்டு அந்த வரியைப் படித்தான். போட்டேன். ஆனால் பேனாவை எடுத்தது இரண்டாவது தடவை படித்த பிறகுதான்.

பேத்தி, உங்கள் தம்பிக்கு மாறியது நல்ல விதி. என்னுடையதுக்கு, என் காலம் இருக்கும்வரை, அந்த வாசலே இல்லை.

வடக்குக்கரை:
பத்து மீட்டர், தோற்றத்தைப் பத்தி நீங்க சொன்னதைப் பையன்கிட்ட படிச்சுக் காட்டினேன். தெருவுல போலீஸ்காரர்ங்கற இடத்துல நிறுத்தி, திரும்ப ஒரு தடவை படிக்கச் சொன்னான். உங்க கருத்தை நான் முழுசா ஒத்துக்கலை. வேகம் கூடினா அதே உருவத்தை அனுமதிக்கற சட்டம் தோற்றத்தை மட்டும் பார்க்குதுன்னு எப்படிச் சொல்றது? ஆனா அவன்கிட்ட எப்படிப் பேசணும்னு எனக்கு வழி கிடைச்சது. அடுத்து நியூசிலாந்து போற ஒரு நண்பர் பி.சி.பி. வச்சிருக்கார். அங்கே சாதா ஏர் ரைபிள் 18 வயசுக்கு மேல லைசென்ஸ் இல்லாம வச்சுக்கலாம், ஆனா பி.சி.பி.க்கு மட்டும் துப்பாக்கி லைசென்ஸ் வேணும்னு படிச்சேன். அப்படிக் கொண்டுபோனவங்க யாராவது இருந்தா, இறக்குமதி அனுமதிக்கு எதை முதல்ல எழுதிப் போட்டீங்கன்னு சொல்லுங்க.