புவனகிரி வீட்டுக் குழு: கயல் விலங்கியலில் சேரலாமா?

அப்பா: அனைவருக்கும் வணக்கம். கயலுக்கு அரசு கலை அறிவியல் கல்லூரியில் பி.எஸ்ஸி. விலங்கியல் பிரிவில் இடம் கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமைக்குள் சேர்ந்தாக வேண்டும். இன்னோர் ஆண்டு நீட் பயிற்சிக்கு அனுப்பலாமா, இதிலேயே சேர்த்துவிடலாமா என்பதில் எனக்குத் தெளிவில்லை. மங்கை அக்கா, இந்தப் பாடத்தை நடத்தி ஓய்வு பெற்றவர் நீங்கள், சொல்லுங்கள்.

பெரியப்பா: மருத்துவம் கிடைக்காதவர்கள் ஏறி உட்காரும் திண்ணைதான் விலங்கியல் என்று எங்கள் காலத்திலேயே பேசிக்கொள்வார்கள். மூன்றாண்டு படித்து முடித்த பிறகு பிள்ளை என்ன செய்வாள் என்பதையும் சேர்த்துச் சொல், மங்கை.

அத்தை: திண்ணையில் உட்கார வந்தவர்களும் என் வகுப்புகளில் இருந்திருக்கிறார்கள், அண்ணா. முதல் பருவத்தேர்வுக்குள்ளேயே அவர்களை அடையாளம் கண்டுவிடலாம். அதனால் கயலிடம் முதலில் ஒரு கேள்வி. பதினொன்றாம் வகுப்பு உயிரி-விலங்கியலில் மண்புழு, கரப்பான்பூச்சி, தவளை ஆகிய மூன்றையும் படித்தாயே, தேர்வு முடிந்த பின்னும் மனத்தில் நிற்பது ஏதாவது உண்டா?

கயல்: உண்டு, அத்தை. தவளையின் இதயத்தில் மூன்று அறைகள்தான். கீழறை ஒன்றே என்பதால் நல்ல இரத்தமும் கெட்ட இரத்தமும் கலந்துவிடும் என்று படித்தோம். அப்படி ஒரு குறையுடன் அது இவ்வளவு காலம் எப்படிப் பிழைத்தது என்று வகுப்பில் கேட்டேன். பாடத்தில் இருப்பது போதும் என்று சொல்லிவிட்டார்கள்.

அத்தை: அது குறையே இல்லை, கயல். தவளை தோலாலும் சுவாசிக்கிறது. தோலில் ஆக்சிஜன் பெற்ற இரத்தம் நுரையீரலிலிருந்து வருவதைப் போல இடது மேலறைக்குச் செல்வதில்லை. உடலிலிருந்து திரும்பும் இரத்தத்தோடு சேர்ந்து வலது மேலறைக்கே வருகிறது. ஆகவே வலப்பக்கத்து இரத்தம் முழுக்கக் கெட்டது என்று சொல்வதே பொருந்தாது. நீருக்குள் மூழ்கிக் கிடக்கும்போது நுரையீரலுக்கு இரத்தத்தை அனுப்பிப் பெரிய பயனில்லை. கீழறை பிரிக்கப்படாமல் இருப்பதால்தான் அந்த நேரத்தில் நுரையீரலுக்குப் போகும் இரத்தத்தைக் குறைத்து உடலுக்குத் திருப்பிவிட முடிகிறது. நம் இதயத்தை அளவுகோலாக வைத்துப் பார்ப்பதால்தான் அது அரைகுறையாகத் தெரிகிறது. தம்பி, இப்படிக் கேட்கத் தெரிந்த பெண்ணை நீட் வினாத்தாளுக்காக இன்னோர் ஆண்டு விடைகளைக் குறிக்கப் பழக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. அவளே மருத்துவராக விரும்பினால் அது வேறு.

கயல்: மருத்துவம் படிக்க வேண்டும் என்ற விருப்பம் எனக்கு இல்லை, அத்தை. அதை அப்பாவிடம் சொல்லத்தான் தயங்கினேன்.

பெரியப்பா: சரி. ஆனால் தவளையையும் சுறாவையும் அறுக்க வேண்டியிருக்குமே, இவள் தாங்குவாளா?

அத்தை: அந்தக் காலம் முடிந்துவிட்டது, அண்ணா. நான் மாணவியாக இருந்தபோது சுறாவின் 5, 7, 9, 10ஆம் மண்டை நரம்புகளை அறுபடாமல் பிரித்துக் காட்டினால்தான் செய்முறைத் தேர்வில் மதிப்பெண். அதற்காக எத்தனை உயிர்கள் போயின என்று எண்ணினால் கூசுகிறது. விலங்குகளை அறுப்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு 2011இல் படிப்படியாகக் குறைக்கச் சொல்லி, 2014இல் நிறுத்தவே சொல்லிவிட்டது. அது சரியான முடிவு. அதன் இடத்தைக் களப்பணி நிரப்பியிருக்க வேண்டும். பல கல்லூரிகளில் மாதிரிப் பொம்மைகளும் கணினித் திரையும்தான் நிரப்பியிருக்கின்றன. இதில்தான் எனக்கு வருத்தம். சேர்க்கைக்குப் போகும்போது துறையின் அருங்காட்சியகத்தை ஒரு முறை எட்டிப் பாருங்கள். ஜாடிகளில் உயிரினங்களைக் கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவம் வற்றிப்போய், பெயர்ச்சீட்டுகளும் உதிர்ந்து கிடந்தால், அங்கே களப்பயணமும் ஏட்டளவில்தான் இருக்கும் என்று எண்ணிக்கொள்ளலாம்.

இளங்கோ அண்ணன்: நான் பரங்கிப்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் வெள்ளாற்றின் கழிமுகத்திலேயே இருப்பதால், காலையில் படகில் போய் வலை வீசி எடுத்த மிதவை உயிரிகளைப் பிற்பகலில் நுண்ணோக்கியில் பார்த்துவிட முடிகிறது. வேலையைப் பற்றிப் பெரியப்பா கேட்டதில் நியாயம் உண்டு, பி.எஸ்ஸி. மட்டும் வைத்துக்கொண்டு இந்தத் துறையில் வேலை கிடைப்பது கடினம், முதுநிலையையும் சேர்த்து ஐந்தாண்டுகளாகத்தான் கணக்கிட வேண்டும். அதன் பின் நெட் எனப்படும் தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வு நிதியுதவிக்குத் தகுதி பெற்றால், 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் தருகிறார்கள். இந்திய வனப்பணித் தேர்வை எழுதுவதற்கு மட்டும் விலங்கியல் பட்டமே போதுமானது.

அப்பா: செலவு எவ்வளவு ஆகும், அக்கா?

அத்தை: அரசுக் கல்லூரியில் கற்பிப்புக் கட்டணம் கிடையாது, தேர்வுக் கட்டணம் போன்ற சிறு தொகைகள்தான். கயல் ஆறாம் வகுப்பு முதல் அரசுப் பள்ளியிலேயே படித்ததால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் அவளுடைய வங்கிக் கணக்குக்கு வரும். கல்லூரி வழியாக விண்ணப்பிக்க மறந்துவிடாதீர்கள்.

கயல்: தமிழ்வழியா, ஆங்கிலவழியா என்றும் கேட்கிறார்கள், அத்தை.

அத்தை: பள்ளி முழுவதும் தமிழ்வழியில் படித்தவள் நீ. பட்டத்தையும் தமிழிலேயே முடித்தால், மாநில அரசுப் பணிகளில் தமிழ்வழியில் பயின்றோருக்கான 20 விழுக்காடு ஒதுக்கீட்டுக்கு உரிமை இருக்கும். இடையில் மாறினால் அது போய்விடும். ஆனால் முதுநிலையில் நூல்களும் ஆய்வுக் கட்டுரைகளும் ஆங்கிலத்தில்தான் இருக்கும். எனவே தமிழ்வழியில் சேர்ந்துகொண்டு, முதலாண்டிலிருந்தே ஆங்கிலப் பாடநூல் ஒன்றையும் உடன் வைத்துப் படி.

பெரியப்பா: தவளையின் இதயத்தைப் பற்றி எனக்கு இதுவரை யாரும் இப்படிச் சொன்னதில்லை. சேர்த்துவிடுங்கள், எனக்கு மறுப்பில்லை.

அப்பா: அப்படியானால் வியாழக்கிழமை காலையிலேயே போகிறோம். மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ் மூன்றையும் எடுத்து வைத்துவிட்டேன்.

கயல்: ஆய்வகக் கருவிப்பெட்டி இப்போதே வாங்க வேண்டுமா, அத்தை?

அத்தை: கடையில் விற்கும் பெரிய பெட்டி வேண்டாம், அதிலுள்ள கத்திகளுக்கு இப்போது வேலையில்லை. இறாலின் கால்களையும் கரப்பானின் வாய் உறுப்புகளையும் பிரித்துக் கண்ணாடித் தகட்டில் ஒட்ட ஒரு கிடுக்கி, இரண்டு ஊசிகள், மெல்லிய தூரிகை ஒன்று போதும். பதிவேட்டுக்குப் பென்சில் மட்டும் நல்லதாக வாங்கு.