மூக்கு டியூப் அடைக்கிறது, எடையும் இறங்குகிறது: கரண்ட் (கதிர்வீச்சு சிகிச்சை) முடிந்து 5 வாரம்

தேவனாம்பட்டினத்தான்:
அப்பாவுக்கு வயது 61. தொண்டையில் புற்றுநோய்க் கட்டி. கரண்ட் 35 சிட்டிங், கூடவே கீமோ. மூக்கு வழியாக வயிற்றுக்கு உணவு செலுத்தும் ரைல்ஸ் டியூப் இருக்கிறது. கேழ்வரகுக் கஞ்சி 200 மில்லி, நாளைக்கு ஏழு தடவை. எடை 62 கிலோவிலிருந்து 54க்கு வந்துவிட்டது. டியூப் வாரத்துக்கு இரண்டு முறை அடைக்கிறது. வாய் இரண்டு விரல் அகலம்தான் திறக்கிறது. டியூப் இருக்கும்வரை தொண்டைக்கு ஓய்வு கொடுக்கச் சொல்கிறார்கள் சொந்தக்காரர்கள். சரிதானா?

கஞ்சிக்கணக்கு:
கஞ்சிதான் ஏமாற்றுகிறது தம்பி. டியூபில் இறங்கும் பதத்துக்கு 200 மில்லியில் 20 கிராம் மாவு போட்டாலே அதிகம். அது சுமார் 65 கலோரி, புரதம் ஒன்றரை கிராம்கூட வராது. ஏழு தடவைக்கு 450 கலோரி. 54 கிலோ ஆளுக்கு இந்தச் சமயத்தில் 1,600 முதல் 1,900 கலோரியும், 65 முதல் 80 கிராம் புரதமும் வேண்டும். வயிறு நிறைகிறது, உடம்பு கரைகிறது.

கேழ்வரகை முளைகட்டிக் காயவைத்து லேசாக வறுத்து அரைத்த மாவுக்கு மாறுங்கள். முளையில் உண்டாகும் நொதி மாவுச்சத்தை உடைப்பதால் மாவைக் கூட்டினாலும் கஞ்சி நீர்க்கவே இருக்கும். தண்ணீருக்குப் பதில் பால், அதில் பால் பவுடர் இரண்டு மேசைக்கரண்டி, எண்ணெய் ஒரு டீஸ்பூன் (இதுவே 45 கலோரி). ஒரு வேளை, முழுக்க வெந்த முட்டையைப் பாலோடு மிக்ஸியில் அடித்து வடிகட்டிக் கொடுக்கலாம். பச்சை முட்டை வேண்டாம். எல்லாவற்றையும் ஒரே நாளில் ஏற்றிவிடாதீர்கள். பட்டினி கிடந்த உடம்பில் திடீரென்று ஏற்றினால் ரத்தத்தில் பொட்டாசியம், பாஸ்பேட் சரிந்து ஆபத்தாகும். டாக்டரிடம் கேட்டு ஒரு வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள். சர்க்கரை இருந்தாலோ, கீமோ சிறுநீரகத்தைத் தொட்டிருந்தாலோ அளவே மாறும்.

அடைப்புக்கு வருவோம். கேழ்வரகு ஆற ஆற இறுகும். மெல்லிய துணியில் வடிகட்டி, வெதுவெதுப்பாகவே ஊட்டுங்கள். முன்னும் பின்னும் 30 மில்லி தண்ணீர் கட்டாயம். மாத்திரையைக் கஞ்சியில் கலக்காமல் தனியாகப் பொடித்துக் கரைத்து விடுங்கள். மெதுவாகக் கரையும் வகை என்றால் பொடிக்கவே கூடாது, மாற்று மருந்து கேளுங்கள். அடைத்துவிட்டால் பெரிய சிரிஞ்சில் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து மெல்ல இழுத்து, மெல்லத் தள்ளுங்கள். சின்ன சிரிஞ்சில் அழுத்தம் கூடி டியூப் கிழியும். கம்பி விடுவது பற்றி நினைக்கவே வேண்டாம்.

விழுங்கும்பயிற்சி:
ஓய்வு கொடுக்கச் சொன்னவர்கள் அன்பாகத்தான் சொல்லியிருப்பார்கள், ஆனால் தவறு. கரண்ட் பட்ட தசை நாராக இறுகும். வேலையே கொடுக்காவிட்டால் டியூபை எடுத்த பிறகும் விழுங்க வராது. டியூப் இருக்கும்போதே எச்சிலையாவது விழுங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

வாயைச் சில சொட்டுத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு, முழு பலத்தோடு எச்சிலை விழுங்கச் சொல்லுங்கள். அடுத்தது, விழுங்கும்போது மேலே ஏறும் குரல்வளையை இரண்டு மூன்று விநாடி அங்கேயே பிடித்து நிறுத்துவது. விரலை வைத்துப் பார்த்தால் தெரியும். நாக்கு நுனியைப் பற்களுக்கு நடுவில் வைத்து விழுங்கும் பயிற்சியும் உண்டு, அதை உணவோடு ஒருபோதும் செய்யக் கூடாது.

வாய் திறக்க: ஐஸ்கிரீம் குச்சிகளை அடுக்கி, முன்பற்களுக்கு இடையில், வலிக்காமல் இழுபடும் அளவுக்கு வையுங்கள். 30 விநாடி, ஐந்து தடவை, நாளைக்கு ஐந்து வேளை. சில நாளுக்கு ஒரு குச்சி கூட்டினால் போதும். மூன்று விரல் செங்குத்தாக நுழைவது இலக்கு.

வாய்வழி உணவை, ஆஸ்பத்திரியில் விழுங்கும் சோதனை பார்க்காமல் நீங்களாகத் தொடங்காதீர்கள். சிலருக்கு நுரையீரலுக்குள் போனாலும் இருமலே வராது. விழுங்கிய பின் குரல் களகளவென்று ஈரமாக ஒலித்தால், அல்லது காய்ச்சல் வந்தால், நிறுத்திவிட்டு உடனே காட்டுங்கள். பலருக்குத் தண்ணீர்தான் கூழைவிட ஆபத்து, வேகமாக ஓடிவிடும். வாய் வழியாக மட்டுமே சாப்பிட்டு எடை இரண்டு வாரமாவது இறங்காமல் நின்றால் டியூபை எடுக்கும் பேச்சு வரும்.

பல்லும்தைராய்டும்:
கயிறு மாதிரி எச்சிலுக்கு: ஒரு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீரில் ஆப்ப சோடா கால் டீஸ்பூன், உப்பு அரைக்கால் டீஸ்பூன். இரண்டு மணிக்கொரு தடவை கொப்பளித்துத் துப்பட்டும். கடையில் விற்கும் எரிச்சல் தரும் மவுத்வாஷ் வேண்டாம். கீழ்த்தாடைப் பல்லைப் பிடுங்க நேர்ந்தால், எத்தனை வருடம் கழித்தானாலும், கரண்ட் வைத்ததை முதலில் சொல்லுங்கள். எலும்பு ஆறாமல் போகலாம். கழுத்தில் கரண்ட் வைத்ததால் தைராய்டைப் பார்க்கும் டிஎஸ்எச் ரத்தப் பரிசோதனை 6 முதல் 12 மாதத்துக்கு ஒரு முறை.

தேவனாம்பட்டினத்தான்:
நன்றி. புதுச்சேரிக்கு செக்கப் போகிற அன்று பஸ்ஸில் எப்படி ஊட்டுவது?

கஞ்சிக்கணக்கு:
பஸ்ஸில் வேண்டாம். ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே ஊட்டி முடித்து, நிமிர்ந்தே உட்காரவையுங்கள். இல்லாவிட்டால் வழியில் தவளக்குப்பம் வருவதற்குள் வாந்தி எடுப்பார், டியூபும் நகரும். மூக்கருகே டியூபில் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு வெளியே தள்ளி வந்திருந்தால் ஆஸ்பத்திரியில் காட்டாமல் ஒரு சொட்டும் விடாதீர்கள்.